மூளைக் காயத்திற்குப் பின் சமூக வாழ்வு: வடசென்னையில் பெரியவர்களுக்கான ஆதரவும் தன்னார்வப் பணியும்

விபத்து, பணியிடத்தில் தவறி விழுதல், பக்கவாதம், மூளைத் தொற்று ஆகியவற்றால் மூளையில் காயம் ஏற்பட்டுச் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய பெரியவர்களுக்கும், அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தினருக்கும் இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், மணலி பகுதிகளில் வாழ்வோர் எந்தச் சேவையை எங்கு பெறலாம், அக்கம்பக்கத்தினரும் தன்னார்வலர்களும் எவ்வாறு உதவலாம், பாதிக்கப்பட்டவர் தாமே பொதுப்பணியில் ஈடுபடுவது எவ்வாறு என்பன இதில் விளக்கப்படுகின்றன.

மூளைக் காயம் என்பது யாது?

பிறந்த பின் ஏதேனும் ஒரு காரணத்தால் மூளைத் திசுக்கள் சேதமடைவதே பிற்காலத்தில் ஏற்பட்ட மூளைக் காயம் எனப்படும். தலையில் அடிபடுதல் இதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்றாகும். துறைமுகத்தையும் தொழிற்சாலைகளையும் ஒட்டிய வடசென்னையில் இதற்கான சூழல்கள் பல உள்ளன. எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கிடையே செல்லும் இருசக்கர வாகன ஓட்டிகள், சாரத்தின் மீதும் கப்பல் தளத்திலும் பணிபுரிவோர், பாரம் ஏற்றி இறக்குவோர், காசிமேட்டிலிருந்து விசைப்படகில் கடலுக்குச் செல்வோர் ஆகியோர் கூடுதல் ஆபத்துக்கு உள்ளாகின்றனர். பக்கவாதம், மூளைக்காய்ச்சல், நீரில் மூழ்கியோ மூச்சுத் திணறியோ மூளைக்கு உயிர்வளி தடைப்படுதல் ஆகியவற்றாலும் இதே போன்ற பாதிப்புகள் ஏற்படும்.

காயத்திற்குப் பிந்தைய முதல் ஆறு மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். பின்னர் வேகம் குறைந்தாலும் முன்னேற்றம் நின்றுவிடுவதில்லை. இரண்டு ஆண்டுகள் கடந்த பின்னும் பயிற்சியால் புதிய திறன்களைப் பெற இயலும். ஆகவே, "இனி இவ்வளவுதான்" என்று முடிவு செய்து பயிற்சியைக் கைவிடுதல் கூடாது.

கண்ணுக்குப் புலப்படாத குறைபாடுகள்

கை, கால் பலவீனம் எல்லோருக்கும் தெரியும். தழும்பு ஆறி, நடை சீரான பின்னும் நீடிக்கும் குறைபாடுகளே குடும்பத்தைப் பெரிதும் சோதிக்கின்றன.

• நினைவாற்றல் குறைவு: பழைய நிகழ்வுகள் நினைவில் இருக்கும், காலையில் சொன்னது மாலையில் மறந்துவிடும்.
• மூளைச் சோர்வு: சிறிது நேரம் பேசினாலோ, கூட்டத்தில் இருந்தாலோ கடும் களைப்பு ஏற்படும். இது சோம்பல் அன்று.
• முன்முயற்சி இன்மை: சொன்னால் செய்வார், தாமாகத் தொடங்கமாட்டார்.
• கட்டுப்பாடு குறைதல்: திடீர்ச் சினம், இடமறியாப் பேச்சு, யோசியாமல் பணம் செலவிடுதல்.
• குறையை உணராமை: தமக்கு ஒன்றுமில்லை என்று உறுதியாக நம்புதல். இது பொய்யோ பிடிவாதமோ அன்று. காயத்தின் ஒரு விளைவே ஆகும்.
• பேச்சுத் தடை: சொல் கிடைக்காமை, அல்லது பிறர் பேச்சு புரியாமை. இவர்களைப் புத்தி குறைந்தவராகக் கருதக்கூடாது.
• மோப்பத் திறன் இழப்பு: தலையில் அடிபட்டோரிடம் இது அடிக்கடி காணப்படுகிறது. சமையல் எரிவாயு கசிவதும், மீன் கெட்டுப்போனதும் இவர்களுக்குத் தெரியாமற்போகலாம்.

இறுதியாகக் கூறிய குறைபாடு தொழிற்சாலைப் பகுதியில் தனிக் கவனத்திற்குரியது. 2023 டிசம்பரில் எண்ணூரில் அம்மோனியா வாயு கசிந்தபோது மக்கள் நள்ளிரவில் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. அதே மாதத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளமும் இப்பகுதியைச் சூழ்ந்தது. வாசனையை உணர இயலாதவர், விரைவாக முடிவெடுக்க இயலாதவர், இருளில் வழி தடுமாறுபவர் ஆகியோர் எந்த வீட்டில் உள்ளனர் என்பதை அடுத்த வீட்டினர் இருவரேனும் அறிந்திருத்தல் அவசியம். பாதிக்கப்பட்டவரின் சட்டைப்பையில் பெயர், உறவினர் தொலைபேசி எண், உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவை எழுதிய அட்டை எப்போதும் இருக்கட்டும்.

சமூக ஆதரவு ஏன் தேவை?

மருத்துவமனையில் இருக்கும் வரை உறவினரும் நண்பர்களும் வந்து பார்ப்பர். வீடு திரும்பிய சில மாதங்களில் அவ்வருகை குறையும். வேலை இல்லை, கையில் பணம் இல்லை, பேச ஆள் இல்லை என்ற நிலையில் மனச்சோர்வு, மதுப்பழக்கம், தற்கொலை எண்ணம் ஆகியவை தலைதூக்கக்கூடும். பயிற்சியால் பெற்ற திறன்களும் பயன்படுத்தப்படாமல் மங்கும். நடைப்பயிற்சி பெற்றவர் நடந்து செல்ல ஓர் இடம் வேண்டும். பேச்சுப் பயிற்சி பெற்றவர் பேசுவதற்கு ஆள் வேண்டும். இவற்றை மருத்துவமனை தர இயலாது. தெருவும் ஊரும்தான் தர இயலும்.

உலக சுகாதார நிறுவனம் இதனைச் சமுதாயம் சார்ந்த மறுவாழ்வு என்று அழைத்து, 2010 ஆம் ஆண்டில் விரிவான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. மருத்துவம், கல்வி, வாழ்வாதாரம், சமூக உறவு, உரிமை பெறும் ஆற்றல் ஆகிய ஐந்தும் சேர்ந்ததே மறுவாழ்வு என்பது அதன் அடிப்படையாகும்.

பிரிட்டனில் 1979 இல் தொடங்கப்பட்ட ஹெட்வே அமைப்பு உள்ளூர்க் குழுக்களாகப் பரவி, மூளைக் காயமடைந்தோருக்கும் குடும்பங்களுக்கும் துணை நிற்கிறது. இந்தியாவில், ஜோத்பூர் அரச குடும்பத்தைச் சேர்ந்த சிவராஜ் சிங் 2005 இல் போலோ ஆட்டத்தில் தலையில் படுகாயமடைந்தார். அவ்வனுபவத்தின் விளைவாக அவருடைய தந்தை கஜ் சிங் 2007 இல் இந்தியத் தலைக்காய அறக்கட்டளையை நிறுவினார். தமிழ்நாட்டில், முதுகுத்தண்டுக் காயத்தால் கை கால் செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன் 1981 இல் ஆய்க்குடியில் தொடங்கிய அமர் சேவா சங்கம் பல கிராமங்களுக்கு மறுவாழ்வுச் சேவையைக் கொண்டு சென்றது. இவை மூன்றும் காட்டும் உண்மை ஒன்றே: துன்பத்தை நேரில் அறிந்தவர்கள் ஒன்றுசேரும்போது சேவை வீட்டு வாசலுக்கு வருகிறது.

அரசுச் சேவைகள்

மூளைக் காயத்திற்கான உதவிகள் பல துறைகளின் திட்டங்களில் பிரிந்து கிடக்கின்றன. எனவே எதை எங்கு கேட்பது என்பதை அறிந்திருத்தல் வேண்டும்.

• அவசரச் சிகிச்சை: சாலை விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம் 2021 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. திட்டத்தில் இணைந்த தனியார் மருத்துவமனைகளிலும் இது பொருந்தும்.
• தொடர் சிகிச்சை: இராயபுரம் அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் நரம்பியல், மூளை நரம்பு அறுவை சிகிச்சை, மறுவாழ்வு மருத்துவம், மனநலம் ஆகிய பிரிவுகள் உள்ளன. வீடு திரும்பும்போது தரப்படும் சுருக்க அறிக்கையையும் ஸ்கேன் படங்களையும் பாதுகாத்து வைக்கவும். பின்னர் வரும் ஒவ்வொரு விண்ணப்பத்திற்கும் அவை தேவைப்படும்.
• வீட்டில் சிகிச்சை: 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தின் கீழ், நடக்க இயலாதோர்க்கு வீட்டிலேயே இயன்முறை சிகிச்சையும் நோய் ஆதரவுச் சேவையும் அளிக்கப்படுகின்றன. தங்கள் வட்டத்தின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யவும்.
• சிறப்பு மறுவாழ்வு: கே.கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிறுவனம், முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் ஆகியவற்றுக்கு மருத்துவரின் பரிந்துரையுடன் செல்லலாம்.
• காப்பீடு: ஆண்டு வருமானம் ரூ.1,20,000க்கு மிகாத குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை பாதுகாப்பு உண்டு.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 இல் 21 வகைக் குறைபாடுகள் பட்டியலிடப்பட்டுள்ளன. அப்பட்டியலில் "மூளைக் காயம்" என்ற பெயர் தனியாக இல்லை. இதனால் பலர் தமக்கு அட்டை கிடைக்காது என்று எண்ணி விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகின்றனர். இது தவறு. காயத்தால் விளைந்த குறைபாட்டின் அடிப்படையில் சான்று பெறலாம். கை கால் பலவீனம் இயக்கக் குறைபாடாகவும், பேச்சிழப்பு பேச்சு மற்றும் மொழிக் குறைபாடாகவும், பார்வை இழப்பு பார்வைக் குறைபாடாகவும் மதிப்பிடப்படும். ஒன்றுக்கு மேற்பட்டவை இருப்பின் அவற்றைச் சேர்த்தே மதிப்பிட வேண்டும் என்று கேட்கவும். நினைவு, நடத்தை மாற்றங்கள் இருந்தால் நரம்பியல் அல்லது மனநலப் பிரிவின் அறிக்கையையும் உடன் கொண்டு செல்லவும். நடப்பதைப் பார்த்து மட்டும் மதிப்பெண் இடப்பட்டால், உண்மையான பாதிப்பு பதிவாகாமல் போகும்.

விண்ணப்பத்தை இணையவழியிலோ இ-சேவை மையம் மூலமோ அளிக்கலாம். 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ளோர் பெரும்பாலான சலுகைகளுக்குத் தகுதி பெறுவர். தீவிரப் பாதிப்புடையோருக்கான மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை குறித்து மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகவும். சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளியும் உடன் செல்லும் ஒருவரும் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீட்டிக்கப்பட்ட மெட்ரோ இரயில் நிலையங்களில் மின்தூக்கி வசதி இருப்பதால், படி ஏற இயலாதோர் திருவொற்றியூர், தண்டையார்பேட்டை பகுதிகளிலிருந்து மருத்துவமனைக்குச் செல்ல அது உதவும்.

வேலையும் இழப்பீடும்

குடும்பத்தின் வருமானம் நின்றுபோவதே பல வீடுகளில் முதற்கவலையாகும். பணியின்போது காயமடைந்தவர் எந்த வகைப் பணியாளர் என்பதைப் பொறுத்து உரிமைகள் மாறும்.

• அரசு மற்றும் பொதுத்துறைப் பணியாளர்: துறைமுகம், அனல்மின் நிலையம் போன்ற அரசு நிறுவனங்களில் நிரந்தரப் பணியில் இருப்பவர் பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளியானால், அவரைப் பணியிலிருந்து நீக்கவோ பதவி குறைக்கவோ கூடாது என 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20 ஆம் பிரிவு கூறுகிறது. அதே ஊதிய விகிதத்தில் வேறு பணி தரப்பட வேண்டும். அத்தகைய பணியிடம் இல்லையெனில், அது கிடைக்கும் வரையிலோ ஓய்வுபெறும் வரையிலோ கூடுதல் பணியிடத்தில் வைத்திருக்க வேண்டும். ஆகவே, விருப்ப ஓய்வுக் கடிதத்தில் அவசரப்பட்டுக் கையொப்பமிட வேண்டாம்.
• இ.எஸ்.ஐ. காப்பீடு உள்ளோர்: பணி தொடர்பான காயத்திற்குப் பணியில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. தற்காலிக இயலாமைக் காலத்தில் சராசரி ஊதியத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு கிடைக்கும். நிரந்தர இயலாமையை மருத்துவக் குழு மதிப்பிட்டு மாதத்தொகை வழங்கும். ஒப்பந்தத் தொழிலாளரும் இதில் அடங்குவர். ஒப்பந்ததாரர் பதிவு செய்யத் தவறினால் முதன்மை நிறுவனத்திற்குப் பொறுப்பு உண்டு. விபத்து குறித்த பதிவு எழுத்து வடிவில் இருப்பது மிக முக்கியம்.
• மீனவரும் அமைப்புசாராத் தொழிலாளரும்: மீனவர் நல வாரியம், கட்டுமானம் உள்ளிட்ட தொழிலாளர் நல வாரியங்களில் உறுப்பினராக இருப்போர் விபத்து நிவாரணம் கோரலாம். உறுப்பினர் அட்டை நடப்பில் உள்ளதா என்று பார்க்கவும்.
• சாலை விபத்து: வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் தாமதமின்றி மனு அளிக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.

தன்னார்வலர்கள் என்ன செய்யலாம்?

தன்னார்வலர் என்பவர் மருத்துவர் அல்லர், வேலையாளும் அல்லர். வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்தில் தவறாமல் வருபவர். நினைவாற்றல் குறைந்தவருக்கு அந்த ஒழுங்கே பெரும் துணையாகும். கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுக்கள், மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள், தொழிற்சங்கங்கள், வழிபாட்டுத் தலங்களின் இளைஞர் குழுக்கள் ஆகியவையும் இதற்கு ஏற்றவை.

செய்யத்தக்கவை:

• உடன் நடந்து சென்று கடை, வங்கி, நியாயவிலைக் கடை வேலைகளை அவரே செய்ய உதவுதல்.
• மருத்துவமனைக்குத் துணையாகச் சென்று, மருத்துவர் சொன்னதை எழுதிக் கொடுத்தல்.
• கேரம் ஆடுதல். வடசென்னையில் தெருவுக்குத் தெரு உள்ள இவ்விளையாட்டு விரல் அசைவு, கவனம், முறைக்காகக் காத்திருத்தல் ஆகிய மூன்றுக்கும் நல்ல பயிற்சி.
• வாரத்தில் ஓரிரு மணி நேரம் வீட்டில் இருந்து, பராமரிப்பவர் வெளியே சென்றுவர வாய்ப்பளித்தல்.
• படிவங்களை நிரப்பவும் இணையவழி விண்ணப்பிக்கவும் உதவுதல்.

தவிர்க்கத்தக்கவை:

• மருந்தின் அளவை மாற்றச் சொல்லுதல், பிற மருந்துகளைப் பரிந்துரைத்தல்.
• பாதிக்கப்பட்டவரின் வங்கி அட்டை, கடவுச்சொல் ஆகியவற்றைக் கையாளுதல்.
• அவர் பேசத் தடுமாறும்போது வாக்கியத்தை முடித்து வைத்தல். அவரை விடுத்து உடனிருப்பவரிடமே பேசுதல்.
• அவரது நிலையைப் படமெடுத்துப் பகிர்தல்.
• குத்துச்சண்டை, பந்தைத் தலையால் முட்டும் கால்பந்தாட்டம் ஆகியவற்றுக்கு அழைத்தல். ஆறாத மூளையில் விழும் இரண்டாவது அடி முதலாவதைவிட ஆபத்தானது.

விபத்தில் சிக்கியவருக்கு உதவுவோர் அஞ்ச வேண்டியதில்லை. நல்லெண்ணத்துடன் உதவியவர் மீது சட்ட நடவடிக்கை எடுக்க இயலாது. தம் பெயரைத் தெரிவிக்குமாறு அவரைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. 2019 இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் இப்பாதுகாப்பை அளிக்கிறது.

பாதிக்கப்பட்டவரே தன்னார்வலராதல்

எந்நேரமும் உதவி பெறுபவராக மட்டும் இருப்பது ஒருவரின் தன்மதிப்பைக் குறைக்கும். பழைய வேலைக்கு உடனே திரும்ப இயலாதோர்க்குத் தன்னார்வப் பணி நல்லதோர் இடைப்படியாகும். நேரத்திற்கு எழுதல், வெளியே செல்லுதல், பிறருடன் பழகுதல், ஒரு வேலையை முடித்தல் ஆகியவற்றை ஊதிய நெருக்கடி இல்லாமல் பழகிக்கொள்ளலாம். எவ்வளவு நேரம் களைப்பின்றிப் பணி செய்ய இயலும் என்பதும் தெரியவரும்.

1. முதலில் மருத்துவரிடம் கேட்கவும். வலிப்பு, தலைச்சுற்றல் உள்ளோர் உயரமான இடம், நீர்நிலை, இயந்திரம் ஆகியவற்றின் அருகில் பணி செய்யக் கூடாது.
2. தெரிந்த வேலையைத் தேர்ந்தெடுக்கவும். வலை பின்னியவருக்கு வலை சீர்செய்தலும், கிடங்கில் இருந்தவருக்குப் பொருள்களை அடுக்கிக் கணக்கெடுத்தலும் எளிதில் நினைவுக்கு வரும். கிளை நூலகத்தில் நாளிதழ்களை அடுக்குதல், அன்னதானத்தில் இலை போடுதல், பூங்காச் செடிகளுக்கு நீர் ஊற்றுதல் ஆகியவையும் தொடக்கத்திற்கு ஏற்றவை.
3. வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் எனத் தொடங்கவும். இரண்டு வாரம் களைப்பின்றிச் செய்தால் சிறிது நீட்டிக்கவும்.
4. ஒரே ஒருவர் பொறுப்பாளராக இருந்து, ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்லட்டும். செய்ய வேண்டியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டவும்.
5. நடுவில் அமைதியான இடத்தில் ஓய்வளிக்கவும்.
6. மாதம் ஒருமுறை அவர், குடும்பத்தினர், பொறுப்பாளர் மூவரும் அமர்ந்து பேசவும்.

தன்னார்வப் பணி என்ற பெயரில் ஊதியமின்றி வேலை வாங்குதல் கூடாது. பிறர் கூலி பெறும் வேலையை அவர் தொடர்ந்து செய்தால், அவருக்கும் கூலி உரியது.

பகுதிக் குழு அமைத்தல்

மூன்று அல்லது நான்கு குடும்பங்கள் சேர்ந்தாலே ஒரு குழு ஆகும். மாதத்தில் ஒரு நாள், மாநகராட்சிச் சமுதாயக் கூடத்திலோ சங்கக் கட்டடத்திலோ, தரைத்தளத்தில், இரைச்சல் குறைந்த இடத்தில் கூடலாம். கடலுக்குச் செல்வோரும் ஷிப்ட் பணியாளரும் உள்ள பகுதியில் அவர்களுக்கு ஏற்ற நாளைக் கேட்டு முடிவு செய்யவும். கூட்டம் ஒன்றரை மணி நேரத்திற்கு மிகாமல் இருக்கட்டும். ஒரு பகுதியில் அனைவரும் சேர்ந்தும், மற்றொரு பகுதியில் பராமரிப்பாளர்கள் தனியாகவும் பேசலாம். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரையோ இயன்முறை சிகிச்சையாளரையோ அவ்வப்போது அழைக்கலாம். அங்கு பேசுவது வெளியே செல்லாது என்ற உறுதி முதல் நாளிலேயே அளிக்கப்பட வேண்டும்.

பராமரிப்பாளர் கவனத்திற்கு

பெரும்பாலான வீடுகளில் மனைவியோ தாயோ இப்பொறுப்பை ஏற்கின்றனர். உடன் வாழ்பவர் உயிருடன் இருந்தும் முன்பிருந்த மனிதராக இல்லை என்ற துயரம் இவர்களுக்கு உண்டு. அதை வெளியே சொல்லக் குற்ற உணர்வு தடுக்கும். உறக்கமின்மை, அடிக்கடி அழுகை, சொந்த மருந்துகளை உட்கொள்ள மறத்தல் ஆகியவை உதவி தேவை என்பதன் அடையாளங்கள். காயத்தால் வந்த சினமாயினும், அடி உதையைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அச்சூழலில் குழந்தைகளுடன் பாதுகாப்பான இடத்திற்கு நகர்ந்து, பின்னர் மருத்துவரிடம் தெரிவிக்கவும். நடத்தை மாற்றத்திற்குச் சிகிச்சை உண்டு. பெண்கள் உதவி எண் 181.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டிய அறிகுறிகள்

• நாளுக்கு நாள் அதிகரிக்கும் தலைவலி, மீண்டும் மீண்டும் வாந்தி
• வழக்கத்திற்கு மாறான உறக்கம், குழப்பம்
• புதிதாக வலிப்பு, அல்லது ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடிக்கும் வலிப்பு
• முகம் கோணுதல், ஒரு பக்கக் கை கால் தளர்தல், பேச்சுக் குழறுதல்
• மூக்கு அல்லது காதிலிருந்து தெளிந்த நீர் வடிதல்
• தற்கொலை குறித்துப் பேசுதல்

முதியோர்க்கும், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உட்கொள்வோர்க்கும் சிறிய அடிபட்டுச் சில வாரங்கள் கழித்தும் மூளையைச் சுற்றி இரத்தம் சேரலாம்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மீண்டும் இருசக்கர வாகனம் ஓட்டலாமா?
மருத்துவர் எழுத்து வடிவில் அனுமதிக்கும் வரை ஓட்டக் கூடாது. பார்வைப் பரப்பு, கவனம், வலிப்பு ஆகியவை சோதிக்கப்பட வேண்டும்.

மது சிறிதளவு அருந்தலாமா?
கூடாது. காயமடைந்த மூளையை மது எளிதில் பாதிக்கும், வலிப்பைத் தூண்டும், மருந்துகளுடன் சேர்ந்து தீங்கு செய்யும்.

வலிப்பு மருந்தை எப்போது நிறுத்தலாம்?
தாமாக நிறுத்தக் கூடாது. நரம்பியல் மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார்.

விபத்து நடந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது உதவி கேட்கலாமா?
கேட்கலாம். அடையாள அட்டைக்கும் மறுவாழ்வுப் பயிற்சிக்கும் காலம் கடந்துவிட்டது என்ற நிலை இல்லை.

உதவி எண்கள்

• அவசர ஊர்தி: 108
• மருத்துவ ஆலோசனை: 104
• மனநல ஆலோசனை (டெலி மானஸ்): 14416
• இலவசச் சட்ட உதவி: 15100
• பெண்கள் உதவி: 181

இப்பக்கம் பொதுத் தகவலுக்கானது. தங்கள் உடல்நிலை குறித்த முடிவுகளைத் தங்களுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரைக் கலந்தே மேற்கொள்ளவும்.